இழுத்துப் பார்க்கத் தேவையில்லை

இந்த நாற்காலி ஆடுகிறது, மேடம். பின்னங்கால் ஒன்று குட்டை. அட்டையை நாலாக மடித்து அடியில் கொடுத்தால் அடங்கிவிடும், இதற்கென்று ஆள் கூப்பிட வேண்டாம். இன்னொரு விஷயம், நீங்கள் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறீர்கள், முகம் இருட்டாகத் தெரிகிறது. கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தால் நல்லது. எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்தே பேசிப் பழகிவிட்டேன். ஒரு மரியாதைதான்.

எங்கள் யார்டில் டிராக்டர் ஓட்டியவன் எப்படிச் செத்தான் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். மென்று முழுங்குகிற ஆள் இல்லை நான். ஆனால் என் வரிசையில்தான் சொல்வேன், நடுவில் வெட்டினால் எனக்குக் கோபம் வரும். மேஜையைத் தட்டத் தேவையில்லை. நன்றாகவே கேட்கிறது.

உங்கள் மேஜைமேல் வைத்திருக்கிறீர்களே, அந்த இரண்டு இரும்புத் துண்டுகள், அதிலிருந்து ஆரம்பிப்போம். அது ஒரு குவிக் கப்ளிங்கின் இரண்டு பாதி. தலையில் சிவப்பு ரப்பர் மூடி போட்டிருக்கிறது பாருங்கள், போட்டது நான்தான். கழற்றிய கையோடு மூடி போட்டுவிட வேண்டும். மூடி இருக்கிற வரைக்கும் தூசியும் உள்ளே போகாது, ஒன்றையொன்று மாட்டவும் முடியாது. அன்றைக்கு அவ்வளவு நடந்த பிறகும் நான் மூடி போட மறக்கவில்லை.

இதன் வேலை எளிது. ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்கு ஆயிலோ காற்றோ போக ஹோஸ் வேண்டும். அந்த ஹோஸை மரையில் முறுக்கி மாட்டினால் ஸ்பேனரைத் தேட வேண்டும், டேப் சுற்ற வேண்டும், கால் மணி நேரம் போய்விடும். இதில் அந்தத் தொல்லை இல்லை. ஒரு பாதிக்குள் இன்னொரு பாதியை நேராக வைத்து அமுக்கினால், உள்ளே இருக்கிற சின்ன எஃகுக் குண்டுகள் பள்ளத்தில் போய் உட்காரும். 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். இரண்டு பாதியிலும் ஒவ்வொரு வால்வு உண்டு. பிரிந்திருக்கும்போது இரண்டும் வாயை இறுக்கி மூடிக்கொள்ளும். முழுசாகச் சேர்ந்தால் ஒன்றையொன்று தள்ளித் திறந்துவிடும்.

அரைகுறையாகச் சேர்ந்தால்தான் வம்பு. பார்க்க மாட்டின மாதிரியேதான் இருக்கும். பம்பு தள்ளுகிற ஆயில் அந்த வேகத்தில் வால்வை நெட்டித் திறந்துகொண்டு உள்ளே போய்விடும். திரும்பி வர வழி இருக்காது. அதாவது தூக்கும், இறக்காது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மேடம்.

அதனால்தான் யார்டில் எல்லோருக்கும் மூன்றே விஷயம் சொல்லிக் கொடுத்தேன். அமுக்கு, சத்தத்தைக் கேள், ஒருமுறை இழுத்துப் பார். மற்றவர்கள் மூன்றையும் செய்தார்கள். எனக்கு முதல் இரண்டே போதும். இழுத்துப் பார்க்கிறது காதை நம்பாதவர்கள் வேலை. இருபத்தெட்டு வருஷம் இதே வேலை பார்த்த கை, 'டக்' என்றால் 'டக்'தான். என் தம்பிகூடக் கேலி பண்ணுவான். "எங்க அண்ணனுக்குப் பாம்புக் காது. பக்கத்து யார்டுல கப்ளிங் மாட்டினாக்கூட இங்கேருந்தே சொல்லிடுவாரு" என்பான். அப்போது அவன் வெல்டிங் ஷாப்பில் புதிதாகச் சேர்ந்திருந்தான்.

யார்டு என்றால் கல் உடைக்கிற யார்டு. பாறையைப் போட்டால் ஜல்லியாகத் துப்புகிற மெஷின் நடுவில் இருக்கிறது. காலை ஏழிலிருந்து மாலை வரை நிற்காது. புதிதாக வருகிறவர்கள் பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொண்டுதான் நிற்பார்கள், கையால்தான் பேசுவார்கள். எனக்கு அந்தச் சத்தம் தொந்தரவு செய்ததே இல்லை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கம்ப்ரசர் ஒன்று புதிதாக வாங்கிப் போட்டார்கள், அது சத்தமே போடவில்லை. நல்ல சாமான் என்று நான் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்களோ தெரியாது. வருஷா வருஷம் டாக்டர் வண்டி ஒன்று வரும். தலையில் ஏதோ மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கு என்பார்கள். கடைசி இரண்டு தடவையும் அவர்கள் மெஷின் வேலை செய்யவில்லை. நானே அதை அவர்களிடம் எடுத்துச் சொல்லிவிட்டு வந்தேன்.

கல் சுமக்கிறது டிராக்டரும் டிரெய்லரும். டிரெய்லரின் தொட்டியை அடியில் ஒரு ஜாக்கி தூக்கிக் கொட்டும். டிராக்டரிலிருந்து வருகிற ஹோஸை அந்த ஜாக்கியின் அடியில் மாட்ட வேண்டும். முன்பு மரைதான் இருந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டுக் கப்ளிங் வைத்தது நான். என் யோசனை அது, முதலாளியே முதுகில் தட்டிக்கொடுத்தார். தொட்டி கீழே இருக்கும்போது பக்கத்து இடுக்கில் கையை விட்டு மாட்டிவிடலாம். தொட்டி மேலே நிற்கும்போது ஹோஸ் முறுக்கிக்கொண்டு மறுபக்கம் போய்விடும், அப்போது தலையையும் தோளையும் உள்ளே விட்டால்தான் கை எட்டும். அப்படி உள்ளே போகிறவர்கள் தொட்டிக்கு இரும்பு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதற்கென்று ஒவ்வொரு வண்டியிலும் முட்டுக்கம்பி இருக்கிறது.

தம்பி என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். அம்மா போன பிறகு அவனுக்குத் தலை சீவிப் பள்ளிக்கு அனுப்பினது நான். அவனை யார்டில் சேர்த்துவிட்டதும் நான். என் கல்யாணத்தைவிட அவன் கல்யாணத்துக்குத்தான் நான் அதிகம் அலைந்தேன். ஒரே வீட்டில் கீழே நான், மாடியில் அவனும் அவன் பெண்டாட்டியும் பெண் குழந்தையும். சாப்பிட உட்கார்ந்தால் அவன் வந்து எதிரில் உட்காருகிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. அவனைப் பிடித்த மாதிரி எனக்கு உலகத்தில் யாரையும் பிடித்ததில்லை. இதை அவனிடம் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

அவனுக்குக் கடைசியில் ஒரு கெட்ட பழக்கம் வந்தது. நான் கப்ளிங் மாட்டிவிட்டு நகர்ந்ததும் பின்னாலேயே வந்து ஒவ்வொன்றையும் ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பான். முதலில் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். ஒருநாள் நேராகவே கேட்டான்.

"அண்ணே, மாட்டின கையோட ஒருதடவ இழுத்துப் பாத்துடுங்கண்ணே. என்ன குறைஞ்சிடப் போகுது?"

எத்தனை பேர் நின்றுகொண்டிருந்தார்கள் தெரியுமா, மேடம். சூப்பர்வைசர், டிரைவர்கள், ஜல்லி ஏற்ற வந்த வெளி ஆட்கள் எல்லோரும். எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. கையிலிருந்த ஸ்பேனரால் அவன் தோளில் ஒன்று வைத்தேன். பலமாக இல்லை, சட்டை மட்டும்தான் கிழிந்தது, கொஞ்சம் ரத்தம். "உன் வெல்டிங்க நீ பாரு. இனிமே என் கப்ளிங்ல கை வச்சே, கைய ஒடிச்சிடுவேன்" என்றேன். தோளைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டு போனான். மறுநாள் காலை அவன் எந்தக் கப்ளிங்கையும் தொடவில்லை. சொன்னால் கேட்கிற பிள்ளை.

அந்த மறுநாள்தான் அது நடந்தது.

காலையில் எட்டு டிரெய்லருக்கும் நான்தான் மாட்டினேன். நாலாம் நம்பர் டிரெய்லர் 'அவசரம்' என்கிற டிரைவருடையது. இப்போது செத்துப்போனவன், நீங்கள் கேட்கிறவன், அவன்தான். எதையும் ஓட்டமும் நடையுமாகச் செய்வான், சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே சாப்பிடுவான், அதனால் அந்தப் பெயர். அவன் வண்டிக்கும் அமுக்கினேன், 'டக்' என்றது, எழுந்து வந்துவிட்டேன். அவன் முதல் லோடைக் கொட்டினான். தொட்டி ஏறியது, இறங்கவில்லை. அவன் சீட்டில் உட்கார்ந்தபடியே லிவரை இறக்குகிற பக்கம் தள்ளி வைத்துக்கொண்டு என்னவோ கத்தியிருக்கிறான். பத்தடியில் வெல்டிங் பண்ணிக்கொண்டிருந்த என் தம்பி ஓடி வந்தான். என்ன என்று பார்க்க முட்டுக் கொடுக்காமலே அடியில் தலையை விட்டான். கப்ளிங் பாதியில் நிற்பதைப் பார்த்திருப்பான். அதைக் கையால் அமுக்கினான்.

முழுசாக உட்கார்ந்ததும் வால்வு திறந்தது. ஜாக்கியில் நின்ற அவ்வளவு ஆயிலும் ஒரே மூச்சில் திரும்பியது. இரண்டு டன் தொட்டி, மேடம்.

நான் நாற்பதடி தள்ளித் திரும்பி நின்று ஏர் ஹோஸ் சுற்றிக்கொண்டிருந்தேன். ஆட்கள் என்னைத் தாண்டி ஓடுவதைப் பார்த்துத்தான் திரும்பினேன். தம்பியின் கால்கள் மட்டும் வெளியில் இருந்தன. ஒரு செருப்பு கழன்று தூரத்தில் கிடந்தது. தொட்டியைத் தூக்கினபோது சட்டையைப் பிடித்து இழுத்தேன், சட்டைதான் வந்தது. தலை எது, தோள் எது என்று எனக்குத் தெரியவில்லை. முந்தின நாள் நான் அடித்த இடம் எது என்று தேடிக்கொண்டே இருந்தேனாம், ஆட்கள் பிறகு சொன்னார்கள். எனக்கு ஞாபகம் இல்லை.

கம்பெனி விசாரணை நடத்தியது. முட்டுக் கொடுக்காமல் போனது இறந்தவர் தவறு என்று ஒரு தாளில் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். கப்ளிங் ஏன் பாதியில் நின்றது என்று ஒருத்தர் கேட்கவில்லை. நான் கேட்டேன். ராத்திரி பகல் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

யோசித்துப் பாருங்கள். நான் அமுக்கினேன், சத்தம் வந்தது. அப்படியென்றால் முழுசாக உட்கார்ந்திருந்தது. பிறகு பாதியில் நின்றிருந்தது என்றால் நடுவில் யாரோ கழற்றி, மறுபடி சரியாக மாட்டாமல் விட்டிருக்க வேண்டும். எனக்குப் பிறகு அந்த வண்டியின் பக்கத்தில் இருந்தவன் ஒருவன்தான், அவசரம். யார்டிலேயே பொறுமை இல்லாதவனும் அவன்தான். இதில் ஓட்டை எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். நான் எத்தனையோ தரம் புரட்டிப் பார்த்துவிட்டேன், ஓட்டை இல்லை.

அவன் நடந்துகொண்டதும் அப்படித்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டுக்கு வருவான். மாடியில் குழாய் ஒழுகினால் சரி பண்ணுவான். தம்பி பெண்ணைச் சைக்கிளில் வைத்துத் தள்ளுவான், அது விழுந்துவிடாமல் பின்னாலேயே ஓடுவான். என் முகத்தை மட்டும் நேருக்கு நேர் பார்க்க மாட்டான். குற்றம் செய்யாதவன் எதற்கு அப்படிக் குழைய வேண்டும்? யார்டில் இன்னொன்றும் ஆரம்பித்தான். நான் மாட்டிவிட்டு நகர்ந்ததும், தம்பி செய்த மாதிரியே, எட்டு வண்டிக்கும் போய் இழுத்துப் பார்த்தான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், திருடன் மாதிரி. எத்தனையோ தடவை அமுக்கிக்கூட விடுவான், நான் தூரத்திலிருந்து பார்ப்பேன். ஒழுங்காக உட்கார்ந்ததை எதற்கு அமுக்க வேண்டும்? என்னைச் சந்தேகப்படுகிற மாதிரி நாலு பேருக்குக் காட்டத்தான்.

முதலில் காற்றை வைத்துப் பார்த்தேன். தம்பி போய் ஆறு மாதம் இருக்கும். டயருக்குக் காற்றுப் பிடிக்கிற ஹோஸிலும் இதே மாதிரிக் கப்ளிங்தான், சின்னது. அதைப் பாதி மாட்டி, அவன் டயர் பக்கம் குனிந்ததும் கம்ப்ரசரைத் திறந்துவிட்டேன். பிடி நழுவின ஹோஸ் பாம்பு மாதிரி எகிறும், மேடம், நுனியில் பித்தளைத் துண்டு வேறு. முதல் வீச்சு கன்னத்தில் பட்டு வாயோரத்திலிருந்து காது வரைக்கும் கிழித்தது. இரண்டாவதில் மூன்று பல் போயிற்று. அதில் ஒன்று என் காலடியில் வந்து விழுந்தது. நான் கம்ப்ரசரை நிறுத்திவிட்டுப் போய் அவன் தலையை மடியில் வைத்துத் துணியை அழுத்திப் பிடித்தேன். அந்த ரத்தத்தோடு, "நான் பாக்காம குனிஞ்சிட்டேண்ணே, உங்க மேல தப்பில்ல" என்றான். பதினெட்டுத் தையல். அது எனக்குத் திருப்தி தரவில்லை. காற்று அவ்வளவுதான் செய்யும். ஆயில் அப்படி இல்லை.

அப்புறம் எட்டு மாதம் பொறுத்தேன். எனக்கு அவசரமே கிடையாது.

போன செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டுக்கு முந்தின கடைசி லோடுக்கு முன்னால், நாலாம் நம்பர் டிரெய்லரின் கப்ளிங்கைக் கழற்றி வளையத்துக்குள் ஒரு சிட்டிகைக் கல்தூசியை ஆயிலில் குழைத்து வைத்தேன். குண்டுகள் பாதிக்கு மேல் போகாது, பலம் கொடுத்து அமுக்கினால்தான் உட்காரும். ஒரே ஒரு இடைஞ்சல், அவன் வந்து இழுத்துப் பார்ப்பானே. அதற்கும் வழி செய்தேன். மறுபடி மாட்டின உடனே, "டேய், சூப்பர்வைசர் கூப்பிடுறாரு, லோடு நிக்குதாம், ஓடு ஓடு" என்றேன். அவன் திகைத்துப்போய் என்னைப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அவனை அவசரப்படுத்தினது அன்றைக்கு ஒருநாள்தான். கப்ளிங்கைத் தொடாமலே வண்டியில் ஏறினான்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் ஷெட்டுக்குள் போயிருந்தார்கள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் கடைசி லோடைக் கொட்டினான். தொட்டி ஏறி நின்றது, இறங்கவில்லை. அவன் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். குதித்து இறங்கி என்னிடம் ஓடி வந்தான்.

"அண்ணே, தொட்டி இறங்க மாட்டேங்குதுண்ணே. அன்னைக்கு மாதிரியே நிக்குது."

"பயப்படாத. நான் முட்டுக் கொடுக்கிறேன், நீ உள்ள போய் அமுக்கிவிடு" என்றேன்.

முட்டுக்கம்பியைத் தூக்கி நிறுத்தினேன். அவன் அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். அது பள்ளத்தில்தான் உட்கார்ந்திருந்தது, அந்த நேரத்தில் நான் ஏமாற்றவில்லை. "லிவரு?" என்று கேட்டான். "நடுவுலதான் இருக்கு, நான் பாத்துட்டேன்" என்றேன். அதுவும் அப்போதைக்கு உண்மைதான். "நீங்க இருக்கீங்க, எனக்கென்ன" என்று சொல்லிவிட்டு உள்ளே தலையை விட்டான். மேலே நிற்கிற தொட்டியின் பாரம் ஜாக்கியின் மேல் இருந்ததால் முட்டைக் கீழே மடக்குவது சுலபமாக இருந்தது. மடக்கிவிட்டு டிராக்டரில் ஏறி லிவரை இறக்குகிற பக்கம் தள்ளினேன். பிறகு அவன் அமுக்கினான். தொட்டியை இறக்கினது அவன் கைதான், ஒரு விதத்தில்.

ஆனால் நான் தம்பிக்கு நடந்த மாதிரி ஒரே மூச்சில் விடவில்லை. தொட்டியின் விளிம்பு அவன் இடுப்பைச் சட்டத்தோடு சேர்த்துப் பிடித்ததும் லிவரை நடுவில் நிறுத்தினேன். எலும்பு உடைந்தது என் காலுக்குத் தெரிந்தது, மிதிபலகை வழியாக. இறங்கி மறுபக்கம் போய், இடுக்கில் தெரிந்த அவன் முகத்துக்கு நேராகக் குனிந்தேன். கண் இரண்டும் சிவந்து வெளியே தள்ளியிருந்தன. வாயில் ரத்தம் நுரை கட்டியது. ஒரு கை வெளியில் இருந்தது, அந்தக் கையால் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டான். மெஷின் ஓடினாலும் ஒரு முழ தூரத்தில் இருந்த முகம், உதடு அசைவதில் ஒரு வார்த்தை எனக்குத் தப்பவில்லை.

"தூக்குங்கண்ணே... லிவர மேல தூக்குங்க..."

"அன்னைக்கு நீதான் கழட்டி மாட்டினேன்னு சொல்லு. தூக்குறேன்."

"நான் தொடவே இல்லண்ணே."

"பொய் சொல்லாத."

"நீங்க மாட்டும்போது பக்கத்துல நின்னேன். சரியா உக்காரலண்ணே. சத்தமே வரல. நீங்க எந்திரிச்சுப் போயிட்டீங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "முந்தின நாளு உங்க தம்பிய அடிச்சீங்கல்ல... அந்தப் பயத்துல வாய மூடிக்கிட்டேன். வண்டியில ஏறினதும் மறந்துட்டேன். என் மேலயும் தப்புதான். யார்கிட்டயும் சொல்லலண்ணே. மாடியில அந்த அக்காகிட்டகூடச் சொல்லல."

பாருங்கள், மேடம். உயிர் போகிற நேரத்திலும் ஒரு மனுஷன் இப்படிப் பொய் சொல்லுவானா? பழியை அடுத்தவன் தலையில் கட்டத்தான் பார்த்தான், அதிலும் தம்பியைப் பறிகொடுத்த என் தலையில். ஒரு வார்த்தை, நான்தான் என்று சொல்லியிருந்தால் தூக்கியிருப்பேன். சத்தியமாகத் தூக்கியிருப்பேன். கையில் கால் மணி நேரம் இருந்தது. நான் அவன் விரல்களை என் காலரிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். நடுவிரல் வரவில்லை, மடக்கி ஒடித்துத்தான் எடுத்தேன். பிறகு ஏறிப் போய் லிவரைத் தள்ளினேன்.

ஒரு வேலையை எடுத்தால் முழுசாக முடிக்க வேண்டும் என்று நினைக்கிறவன் நான். மறுபடி தூக்கிப் பார்த்தேன். வெளியில் இருந்த கை இன்னும் துடித்தது. இன்னொருமுறை இறக்கினேன். மூன்றாவது தரம் தூக்கினபோது எல்லாம் அடங்கியிருந்தது. டிராக்டரைப் பின்னால் எடுத்து நிறுத்திவிட்டு, கப்ளிங்கைக் கழற்றித் துடைத்து, இரண்டு பாதிக்கும் மூடி போட்டேன். கை கழுவிவிட்டு ஷெட்டுக்குப் போய் டிபன் பாக்ஸைத் திறந்தேன். ரசம் சாதம். தம்பி போன பிறகு அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கிற்று. சாப்பிட்டு முடித்துவிட்டு சூப்பர்வைசரிடம் போய், அவசரம் செத்துப்போயிட்டான், போலீசுக்குச் சொல்லிடுங்க என்றேன்.

அவ்வளவுதான். எழுதுகிறவர் எழுதி முடித்ததும் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அவன் வீட்டில் ஒரு வயசான அப்பா இருக்கிறார் என்றார்கள், அது பாவம்தான். ஆனால் என் தம்பிக்கு யார் நியாயம் கேட்பது? நான் ஒருவன்தானே மிச்சம். மாடியில் இருக்கிற தம்பி பெண்டாட்டியும் என்னைப் புரிந்துகொள்ளவில்லை. நேற்று இங்கே வந்தபோது என் முகத்தில் காறித் துப்பினாள். அந்த அவசரம் குழாய் சரி பண்ணிக் கொடுத்ததில் மயங்கிவிட்டாள் போலிருக்கிறது.

என் சம்சாரம் காலையில் உங்களிடம் என்ன பேசிக்கொண்டிருந்தாள்? கண்ணாடி வழியாகப் பார்த்தேன், அழுதுகொண்டே காதைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். தோடு கீடு தொலைத்துவிட்டாளோ என்று நினைத்தேன். இப்போதெல்லாம் அவளுக்கு எதற்கெடுத்தாலும் கோபம். சாப்பிடக் கூப்பிடுவதென்றால் வாயைத் திறக்க மாட்டாள், வந்து தோளை உலுக்குவாள். மூன்று வருஷமாக இப்படித்தான்.

என்ன கேட்டீர்கள்? இந்தப் பக்கம் பார்த்துச் சொல்லுங்கள். சோதனையா? நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். நீங்கள் இந்தக் கப்ளிங்கை மாட்டுவீர்கள், கழற்றுவீர்கள். எத்தனை முறை 'டக்' என்று கேட்டது என்று நான் சொல்ல வேண்டும். இதுதானே?

தாராளமாக. என் தம்பி இருந்திருந்தால் சிரித்திருப்பான், பாம்புக் காதுக்காரனிடம் போய் இந்தச் சோதனையா என்று. எழுந்து நிற்கிறேன். இந்தச் சுவர்தானே. ஆரம்பியுங்கள்.

ஒன்று. சுத்தமான சத்தம், முழுசாக உட்கார்ந்துவிட்டது. இழுத்துப் பார்க்கவே தேவையில்லை.

இரண்டு.

இதோ, மூன்று. போதுமா? திரும்பலாம்தானே?

என்ன, எழுதுகிறவர் பேனாவை நிறுத்திவிட்டார். நீங்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். இரண்டு பாதியும் வைத்த இடத்திலேயே, சிவப்பு மூடியோடு இருக்கிறதே. கழற்றிய கையோடு மூடியைப் போட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது. நல்ல பழக்கம், மேடம். மூன்று என்று எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.